தைலம்மாளின் மூட்டை

பக்கத்து வீட்டில் ஒரு கை உப்பு வாங்கினால், அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு கையாகத் திருப்பிக் கொடுத்தால்தான் செவ்வந்திக்குச் சோறு இறங்கும். கல்யாணமாகி மேல்நொச்சிப்பட்டுக்கு வந்த புதிதில் மாமியார் ஆசையாக ஒரு பெட்டைக் கோழி கொடுத்தாளாம். நாலு மாதத்தில் அந்தக் கோழியையும் எட்டுக் குஞ்சுகளையும் கூடையில் மூடிக்கொண்டு போய் மாமியார் முன்னால் வைத்தாளாம் இவள். கிழவி சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். புருஷன் இருசப்பன் மட்டும் சும்மா இருப்பானா? சந்தையிலிருந்து வளையல் வாங்கி வந்தால், "திருப்பிக் குடுத்துடாத, எனுக்கு கையில ஏறாது" என்று சொல்லித்தான் நீட்டுவான்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைச் சந்தையிலிருந்து ஐந்து மைல் நடந்தால் மேல்நொச்சிப்பட்டு வரும். மொத்தமே ஒன்பது வீடு. ஊரைச் சுற்றி ஒன்பது இலுப்பை மரங்கள். யாரும் நட்டு வளர்த்தவை அல்ல, காடு தானாகப் போட்டவை. ஆனாலும் வீட்டுக்கு ஒன்று என்று எப்போதோ பிரித்துவிட்டார்கள். மருமகளாக ஒருத்தி வந்தால் பெரியவர்கள் அவளை அழைத்துப் போய் மரத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். அதன் பழமும் கொட்டையும் அன்றிலிருந்து அவளுக்கு. ஆம்பளைகள் அந்தக் கணக்கில் தலையிட முடியாது.

ஆடி பிறந்தால் பழம் விழும். பழத்தைப் பிதுக்கிச் சதையை ஆட்டுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டு, கொட்டையை உடைத்து, பருப்பைக் காயவைத்து எண்ணெய் எடுப்பார்கள். தாளிக்க, தலைக்குத் தேய்க்க, விளக்கு எரிக்க வருஷம் பூராவும் அந்த எண்ணெய்தான். எல்லா மரமும் ஒரே மாதிரி காய்த்துவிடாதே. அதற்கும் ஊரில் ஒரு வழி வைத்திருந்தார்கள். பழம் பொறுக்கும் முதல் நாளில் எவள் கூடையாவது குறையாக இருந்தால், பக்கத்து மரத்துக்காரி தன் கூடையிலிருந்து அள்ளி அதில் கொட்டிவிட்டுப் போய்விடுவாள். முகத்தைப் பார்க்கக் கூடாது. கொட்டியவள் சொல்லிக் காட்டக் கூடாது, வாங்கியவள் நன்றி சொல்லக் கூடாது. வாயைத் திறந்து சொல்லிவிட்டால் கொடுத்தது கொடுத்ததாக ஆகாது.

இருசப்பனின் அண்ணன் காய்ச்சலில் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அவன் பெண்சாதி தைலம்மாள், ஒரே மகளைக் கரியாலூரில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறாள். செவ்வந்திக்கு அவள் ஓரகத்தி. வாய் பெரிதில்லை, குரல் பெரிதில்லை, மரமும் பெரிதில்லை. ஊர் வாசலில் செவ்வந்தியின் மரமும் தைலம்மாளின் மரமும் எதிரெதிரே பன்னிரண்டடி இடைவெளியில் நிற்கின்றன. செவ்வந்தியின் மரம் பந்தல் போட்டது போலப் படர்ந்து, கொழுத்த பழமாகத் தள்ளும். தைலம்மாளின் மரமோ கோணல். வருஷத்துக்கு இரண்டு கூடை தேறினால் அதிகம், அதுவும் சுண்டைக்காய்க்குக் கொஞ்சம் பெரியதாக.

அண்ணன் செத்த வருஷத்து ஆடியிலிருந்து தைலம்மாளின் கூடையை நிரப்புவது செவ்வந்திதான். அந்த வேலையில் அவளுக்கு எத்தனை சந்தோஷம் என்று இருசப்பனுக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் வீட்டுக்கு வரும்போது அவள் நடை வேறு மாதிரி இருக்கும். "அண்ணி கூடை நெறஞ்சிட்டுதா?" என்று கேட்பான். வாயை மூடு என்று அதட்டுவாள். அன்றைய குழம்பில் உப்பு உறைப்பு எல்லாம் சரியாக இருக்கும்.

எண்பத்தேழாம் வருஷம் ஆடியில் கலையரசி வந்தாள். ரிஷிவந்தியத்தில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பத்துப் பெண். விவசாயக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். இருபத்தாறு வயசு, மூக்குக் கண்ணாடி, தோளில் ஜோல்னாப் பை. அட்டை வந்தால் அலறுவாள், ஆனால் திரும்பிப் போக மாட்டாள். செவ்வந்தி வீட்டில் தங்கினாள். முதல் நாளே களியை விண்டு விழுங்கக் கற்றுக்கொண்டு, செவ்வந்தியை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

காட்டு இலுப்பையில் மரத்துக்கு மரம் எண்ணெய் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க வந்திருப்பதாகச் சொன்னாள். ஒரே மலை, ஒரே மழை, ஒரே மண். இருந்தாலும் ஒரு மரத்துப் பருப்பில் நூற்றில் முப்பத்தைந்து பங்கு எண்ணெய் இருக்கும், இன்னொன்றில் நாற்பத்தைந்து இருக்கும். ஒரு வயிற்றில் பிறந்ததுகளே ஒன்று கறுப்பும் ஒன்று சிவப்புமாக இல்லையா, அது மாதிரி. எது அதிகம் என்று கண்டுபிடித்தால் அந்த மரத்துக் கொட்டையிலிருந்து கன்று போட்டு எங்கும் வளர்க்கலாம். இதற்காக ஒன்பது துணி மூட்டைகள் தைத்துக் கொண்டு வந்திருந்தாள். மூட்டைக்கு ஒரு எண், மரத்துக்கு ஒரு எண். ஒரு மரத்துப் பழம் இன்னொரு மரத்துப் பழத்தோடு கலக்கக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று இரண்டு முறை சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். செவ்வந்தியும் ஆட்டினாள்.

மூன்றாம் நாள் மூட்டைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். எட்டு மூட்டைகள் வயிறு புடைத்து நின்றன. ஒன்பதாவது, தைலம்மாளுடையது, பாதிகூட நிரம்பாமல் துவண்டு சாய்ந்து கிடந்தது. செவ்வந்திக்கு மனசு கேட்கவில்லை. படித்த பெண் வந்து பார்க்கிற இடத்தில் அக்காவின் மூட்டை இப்படியா கிடப்பது? கலையரசி ஓடையில் குளித்துவிட்டு வருவதற்குள் தன் மரத்துப் பழத்தில் இரண்டு கூடை கொண்டுவந்து கொட்டி, கயிற்றைப் பழையபடி கட்டிவிட்டாள். அந்தப் பெண் சொன்னதை மீறியதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. கலப்பது என்றால் விஷமத்துக்குக் கலப்பது, மண்ணைக் கலப்பது. இது நிரப்புவது. இந்த ஊரில் யாரும் இரண்டையும் ஒன்றாக நினைத்ததில்லை. மறுநாள் கலையரசி ஒன்பது மூட்டைகளோடும் கல்லூரிக்குத் திரும்பினாள்.

ஆவணியில் ரோடு போடும் ஓவர்சியர் வந்தார். வெள்ளிமலையிலிருந்து ஊருக்கு ஜீப் போகிற மாதிரி ரோடு வருகிறது என்றதும் ஊரே அவருக்குத் தேனும் தினைமாவும் கொடுத்தது. போன வருஷம்தான் வயிற்றில் பிள்ளை குறுக்கே திரும்பிப்போன ஒரு பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்கிப் போனார்கள். பாதி வழியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதனால் ரோடு வேண்டாம் என்று சொல்லும் ஆள் ஊரில் கிடையாது. ஆனால் ஊர் வாசலில் இரண்டு மரத்துக்கும் நடுவில் ரோடு புகாது, ஒன்றை எடுத்தாக வேண்டும். வலது பக்கத்தது கோணல் மரம், அதை எடுத்தால் வளைவு சுலபம் என்றார் ஓவர்சியர். அது தைலம்மாளின் மரம்.

அப்போது இருசப்பன் கல்லூரிப் பெண்ணின் சோதனையைப் பற்றிச் சொன்னான். ஓவர்சியர் நல்ல மனுஷர். எந்த மரத்தில் எண்ணெய் ஜாஸ்தியோ அதை வைத்துக்கொள்ளலாம், அந்தப் பெண் எழுதிக் கொடுக்கட்டும், புரட்டாசியில் வருகிறேன், எழுத்து இல்லாவிட்டால் கோணலைத்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். செவ்வந்திக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம். தன் பழத்தைப் போட்டு அக்காவின் மூட்டையைத் தேற்றி வைத்திருக்கிறோம், கொஞ்சம் எண்ணெய் கூடித்தான் காட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படிக் கூடிக் காட்டினால் தன் மரம் என்ன ஆகும் என்று யோசிக்கும் அளவுக்கு அவள் போகவில்லை. தன் மரத்தை ஒரு மரம் மிஞ்சும் என்று அவள் கனவிலும் நினைத்தவள் அல்ல. இரண்டும் நல்ல மரம் என்று தெரிந்தால் அந்த மனுஷர் ரோட்டையே சுற்றிக் கொண்டு போவார் என்பது அவள் கணக்கு.

புரட்டாசி பிறப்பதற்கு முதல் நாள் கலையரசி கள்ளக்குறிச்சியிலிருந்து கடைசி பஸ்ஸில் வெள்ளிமலைக்கு வந்து, அங்கிருந்து நடந்து ஊர் சேர்ந்தாள். மறுநாளிலிருந்து பஸ் இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். கீழ்நாட்டில் ரோட்டுக்குக் குறுக்கே மரங்களை வெட்டிச் சாய்த்திருப்பதாக இருசப்பனின் டிரான்சிஸ்டர் சொன்னது. கலையரசியின் தம்பியும் ரோட்டில்தான் உட்கார்ந்திருந்தான். அம்மா தாலியை முறுக்கிக்கொண்டு வாசலில் நிற்பாள் என்று சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. எதற்கு இந்த மறியல் என்று இருசப்பன் கேட்டான். எங்கள் ஜனம் இத்தனை இருக்கிறது, படிப்பிலும் வேலையிலும் அதற்குத் தக்க பங்கு வேண்டும் என்று கேட்கிறார்கள் என்று விளக்கினாள். இருசப்பன் பீடிச் சாம்பலைத் தட்டினான். "வாயத் தொறந்து கேக்கறது நல்லதுதாம்மா. கேக்காத வாங்கறது எங்கூரு பொம்பளைங்களுக்குத்தான் முடியும்" என்றான். செவ்வந்தி அவனை முறைத்தாள்.

அடுத்த நாள் காலையில் ஒன்பது பெண்களும் செவ்வந்தி வீட்டு வாசலில் கூடினார்கள். கலையரசி தாளைப் பிரித்து ஒவ்வொரு மரமாகப் படித்தாள். நாற்பத்தொன்று, முப்பத்தொன்பது, நாற்பத்து நாலு. பரீட்சை முடிவு கேட்கிற மாதிரி ஒவ்வொருத்தியும் கழுத்தை நீட்டிக்கொண்டு கேட்டாள். நாற்பத்து நாலுக்காரி பக்கத்தில் இருந்தவளின் தொடையைக் கிள்ளினாள். செவ்வந்தியின் மரம் முப்பத்தேழு. எட்டில் கடைசி.

செவ்வந்திக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. மறுபடி படிக்கச் சொன்னாள். முப்பத்தேழுதான். பழம் பெரிதாக இருந்தால் பருப்பில் எண்ணெய் பெரிதாக இருக்க வேண்டும் என்றில்லை அக்கா என்று கலையரசி தயங்கித் தயங்கிச் சொன்னாள். அத்தனை பெரிய மரத்தை வைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் அத்தனை மிதப்பாக நடந்தோமே என்று செவ்வந்திக்கு முகமெல்லாம் சூடேறியது. இருசப்பன் சிரிப்பை அடக்கக் கூரையைப் பார்த்தான்.

பிறகு கலையரசி ஒன்பதாவது மூட்டையில் மிச்சமிருந்த கொட்டைகளை முறத்தில் கொட்டிப் பரப்பினாள். அவள் கை அவற்றை இரண்டு குவியலாக ஒதுக்கியது. ஒரு குவியலில் நீளமான கொழுத்த கொட்டைகள், இன்னொன்றில் உருண்டையான சிறிய கொட்டைகள்.

"தைலம்மாக்கா, உங்க மூட்டைல மட்டும் ரெண்டு மாதிரி கொட்ட இருக்குது. ரெண்டையும் தனித்தனியா பாத்தேன். பெருசுல முப்பத்தேழுதான். இந்தச் சின்னதுல அம்பத்திரண்டு. நான் பாத்த எந்த மரத்துலயும் இவ்ளோ இல்ல. எங்க புரொபசரே நம்பல. ஆனா இது எந்த மரத்துதுன்னு தெரியாம நான் எழுத முடியாது. கலந்த மூட்டைய கணக்குல சேக்கக்கூடாது. இதுல உங்க மரத்துது எது?"

அந்த ஒன்பது பேரில் கொட்டையைப் பார்த்து மரத்தைச் சொல்லத் தெரியாதவள் ஒருத்திகூட இல்லை. நீளக் கொட்டை செவ்வந்தியுடையது, உருண்டைக் கொட்டை தைலம்மாளுடையது. இரண்டும் எப்படி ஒரே மூட்டைக்கு வந்தன என்பதும் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. ஊர் வழக்கம் அது. எல்லார் கண்களும் தைலம்மாளின் பக்கம் திரும்பின. அவள் சொல்லலாம். இது என்னுடையது என்று விரலை வைத்தால் போதும், மரம் பிழைத்துவிடும்.

தைலம்மாள் முறத்தைக் குனிந்து பார்த்தாள். இரண்டு குவியலையும் புறங்கையால் மறுபடி ஒன்றாக்கினாள்.

"எம்மரம் ரெண்டு மாதிரியும் காய்க்கும்மா" என்றாள்.

ஒரே மரத்தில் இரண்டு வகைக் கொட்டை வர வாய்ப்பே இல்லை என்று கலையரசி சொல்லிப் பார்த்தாள். வரும் வரும், எங்கள் மரம் கோணல் மரம், அதற்கு எல்லாமே வரும் என்று தைலம்மாள் அடித்துப் பேசினாள். வாழ்க்கையில் அவள் அத்தனை உறுதியாகப் பேசி யாரும் கேட்டதில்லை. பேசிவிட்டு, மாடு காத்திருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். அவளுக்கு மாடே கிடையாது.

பாவம் அந்தப் பெண், மரத்தடியில் போய்த் தேடினாள். ஆடியில் விழுந்ததை ஆவணிக்குள் துடைத்து எடுத்து, பருப்பாக்கி, எண்ணெயும் எடுத்து முடித்தாகிவிட்டது. மிச்சத்தை ஆடும் அணிலும் பார்த்துக்கொண்டன. தரையில் ஒரு கொட்டை இல்லை. அவளுக்குச் சந்தேகம் இருந்தது செவ்வந்திக்குத் தெரிந்தது. முப்பத்தேழு என்ற எண் இரண்டு இடத்தில் வந்ததை அந்தக் கண்ணாடி பார்க்காமலா இருக்கும்? ஆனால் அவள் யாரையும் குடையவில்லை. யாராவது சொன்னால் எழுதுகிறேன், என் சந்தேகத்தை எழுத முடியாது என்று மட்டும் சொன்னாள்.

மறியல் நாட்கள் ஒவ்வொன்றாகப் போயின. கலையரசி சாமைக் கதிர் அறுக்க வந்தாள், கையை அறுத்துக்கொண்டாள். சாயங்காலத்தில் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு தம்பி மறியலில் இருக்கிற ஊரின் பெயர் வருகிறதா என்று கேட்பாள். வராதது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் செவ்வந்தியைப் பார்ப்பாள். "பேரு வரலன்னா ஒழுங்கா வூட்டுக்குப் போய்க்கினு வந்துக்கினு இருக்கறான்னு அர்த்தம்" என்று செவ்வந்தி தேற்றுவாள். அந்தப் பெண்ணின் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். தேய்க்கும்போதெல்லாம் முப்பத்தேழு, முப்பத்தேழு என்று மனசுக்குள் ஓடும்.

சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் ஊர் வழக்கம் போகும், பதினெட்டு வருஷமாகக் கொடுத்ததெல்லாம் கொடுக்காததாகிவிடும். அதுதான் தன்னைத் தடுக்கிறது என்று இரண்டு நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்றாம் நாள் அந்தப் பொய் அவளுக்கே அலுத்துவிட்டது. அவளைத் தடுத்தது மரம். பதினாறு வயசில் இந்த ஊருக்கு வந்து, அம்மாவை நினைத்து அழ இடம் தேடியபோது அதன் அடியில்தான் உட்கார்ந்தாள். பையன்கள் இரண்டு பேருக்கும் அதன் கிளையில்தான் ஏணை கட்டினாள். எண்ணெய் கம்மி என்றால் என்ன, அவள் மரம்.

ஐந்தாம் நாள் மதியம் களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருக்கும்போது இருசப்பனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவனுக்கு ஏற்கெனவே தெரியும், ஊருக்கே தெரியுமே. முறத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"சொன்னியானா நம்ம மரம் போயிடும். சொல்லலன்னா அண்ணி மரம் போயிடும். நான் இன்னா சொல்றது? நீ எது செஞ்சாலும் நான் உங்கூடதான் களி துன்னப் போறேன்."

அவள் அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு அந்தத் தோளிலேயே நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். இந்த ஆளிடம் ஒரு உபயோகமான யோசனை கேட்டால் கிடைக்காது, ஆனால் சாய்ந்துகொள்ள வேறு இடமும் இல்லை.

அன்றைக்கு அவளுக்கு வேறொன்றும் உறைத்தது. தைலம்மாள் ஏன் பொய் சொன்னாள்? தன் மரம் போகும் என்று தெரிந்தே சொன்னாள். அவள் விரலை வைத்திருந்தால் செவ்வந்தியின் மரம் போயிருக்கும், அதனால்தான் சொல்லவில்லை. குரல் எழும்பாத அந்தப் பெண்பிள்ளை ஊர் நடுவில் உட்கார்ந்து தன் மரத்தை எடுத்து இவள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். செவ்வந்தி ஐந்து நாளாக அதை வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறாள். ஒரு கை உப்பைச் சாயங்காலம்வரை வைத்திருக்க முடியாதவள்.

எட்டாம் நாள் பஸ் ஓடுகிறது என்று சேதி வந்தது. கலையரசி பையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டாள். தைலம்மாளின் வீட்டு வாசலுக்கு வந்தபோது செவ்வந்தி குறுக்கே போய் நின்றாள். தைலம்மாள் தினை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுதிக்கம்மா. பெரிய கொட்ட என்னுது. நாந்தான் ரெண்டு கூடை கொண்டாந்து அவ மூட்டைல கொட்டினேன். சின்னக் கொட்ட அவ மரத்துது. அம்பத்திரண்டு அவுளுது."

முறம் தைலம்மாளின் கையிலிருந்து நழுவித் தினை சிதறியது. கோபத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "சொல்லக்கூடாதுன்னு தெரியாது ஒனக்கு? யாரு கேட்டா ஒன்ன?" என்றாள். கலையரசி தாளை முழங்காலில் வைத்து, ஒன்பதாம் எண்ணுக்கு நேரே ஐம்பத்திரண்டு என்று எழுதி, அடியில் கொட்டை கலந்த விதத்தையும் இரண்டு வரி எழுதினாள். எழுதி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். ஓவர்சியருக்கென்று அதையே இன்னொரு தாளில் எழுதி நீட்டியபடி, அக்கா, இதைக் கொடுத்தால் உங்கள் மரம் போய்விடும் என்றாள். தெரியும், நீ பஸ்ஸைப் பிடி, உன் தம்பியைப் போய்ப் பார் என்று செவ்வந்தி அவளைக் கிளப்பிவிட்டாள்.

ஓவர்சியர் சொன்ன சொல் மாறாதவர். இரண்டு மரமும் இருக்கட்டும் என்று ஊரே கேட்டுப் பார்த்தது. அவரும் டேப்பைப் பிடித்து இரண்டு தடவை அளந்து பார்த்தார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். செவ்வந்தியின் மரத்தில் சிவப்பு மையைப் பூசிவிட்டுப் போனார். பத்து நாள் கழித்து ஆட்கள் ரம்பத்தோடு வந்தார்கள். செவ்வந்தி பார்க்க மாட்டேன் என்று வீட்டுக்குள் இருந்தாள். ஆனால் சத்தத்தை எப்படிக் கேட்காமல் இருப்பது? மரம் விழுந்தபோது அடுப்பு மேட்டில் வைத்திருந்த சட்டி அதிர்ந்தது. இருசப்பன் உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அன்றைக்கு அவன் கேலி பேசவில்லை, அது அவளுக்கு இன்னும் அழுகையைக் கிளப்பியது.

மறுநாள் காலையில் தைலம்மாள் வந்தாள். மறியல் முடிந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. வாசலில் நிற்காமல் நேராக உள்ளே வந்து, கையில் கொண்டுவந்த எண்ணெய்ச் செம்பை அடுப்பங்கரையில் வைத்தாள். வருகிற ஆடியிலிருந்து தன் மரத்துப் பழத்தில் பாதி செவ்வந்திக்கு என்றாள். செவ்வந்தி செம்பை எடுத்து அவள் பக்கமே நகர்த்தி வைத்தாள். ரெண்டு கூடை காய்க்கிற மரத்தில் பாதி எதற்கு, எங்களுக்குச் சந்தையில் கடலை எண்ணெய் கிடைக்கும், எனக்கு யாரிடமும் வாங்கிப் பழக்கமில்லை என்றாள்.

தைலம்மாள் உட்கார்ந்தாள். செம்பை மறுபடி நடுவில் வைத்தாள்.

"எம்மரத்துல எண்ண ஜாஸ்தின்னு எனுக்கு மொத வருசமே தெரியும். அவுரு போன வருசம் நீ வந்து கொட்டினியே, அத தனியா ஆட்டிப் பாத்தேன். என்னுது ரெண்டு கூடைல வந்தது உன்னுது மூணு கூடைல வரல. நான் ஒத்தையாளு, எனுக்கு அதுவே போதும். உன் பழம் எனுக்கு வேண்டியே இல்ல."

பதினெட்டு ஆடியும், அத்தனை கூடையும், அந்த நடையும் செவ்வந்தியின் கண் முன்னால் வந்து நின்றன. பின்னே ஏன் வாங்கிக்கொண்டாய் என்று கேட்டாள். கோபமாகக் கேட்க நினைத்தாள், முடியவில்லை.

"முகத்தப் பாக்கக்கூடாதுன்னுதான வழக்கம். நான் பாத்தேன். அவுரு செத்த வருசம் ஊருல அத்தன பேரும் என்னப் பாத்தா மூஞ்சிய தொங்கப் போட்டுக்குவாங்க. நீ ஒருத்திதான் சிரிச்ச மூஞ்சியா வந்து கொட்டிட்டுப் போன. அந்த மூஞ்சிய வருசத்துக்கு ஒருவாட்டி பாக்கணும்னு இருந்துச்சு. அதுக்காவ வாங்கிக்கினேன். பதினெட்டு வருசம் வேண்டாதத வாங்கிக்கினு நான் சும்மா இருக்கலயா? நீ ஒரு செம்பு வாங்கக்கூடாதா?"

இருசப்பன் வெளியே போய்விட்டான். ஆடு ஒன்றும் கத்தவில்லை, ஆனாலும் ஆட்டைப் பார்க்கப் போகிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே போனான்.

செவ்வந்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். செம்பைத் தன் பக்கம் இழுத்து, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். நல்ல எண்ணெய். கெட்டியாக, வெண்ணெய் மாதிரி இறுகியிருந்தது. உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்துச் சூடு பறக்கத் தேய்த்து, தைலம்மாளின் தலையைப் பிடித்து வைக்கப் போனாள். தைலம்மாள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"இதையும் எனுக்கே திருப்பாத. திரும்பி உக்காரு" என்றாள்.

செவ்வந்தி திரும்பி உட்கார்ந்தாள். தைலம்மாள் அவள் கொண்டையை அவிழ்த்து, உச்சியில் எண்ணெயை வைத்து மெதுவாகத் தட்டினாள். தனக்கு யாராவது தலைக்கு எண்ணெய் வைத்து எத்தனை வருஷம் ஆகிறது என்று செவ்வந்தி எண்ணிப் பார்த்தாள். அம்மா வீட்டை விட்டு வந்ததிலிருந்து யாரும் வைக்கவில்லை. வைக்க விட்டதும் இல்லை. தோளைத் தளர்த்திக்கொண்டு, கண்ணை மூடி அப்படியே இருந்தாள்.